எச்சரிக்கை தராத ஆயுதம்: ராடாருக்கு ஒளிந்து பறக்கும் குரூஸ் ஏவுகணைகள்

2025 மே 7ஆம் திகதி அதிகாலையில் பாகிஸ்தானுக்குள்ளும், பாகிஸ்தானின் கட்டுப்பாட்டிலுள்ள காஷ்மீரிலும் ஒன்பது இடங்களை இந்தியா தாக்கியது. அந்த வாரம் முழுவதும் 'ஸ்கல்ப்', 'பிரமோஸ்' என்ற இரண்டு பெயர்கள் நமது கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. ஸ்கல்ப் என்பது ரஃபேல் விமானத்திலிருந்து ஏவப்படும், ராடாருக்கு எளிதில் புலப்படாத ஒரு குரூஸ் ஏவுகணை. யார் வென்றார்கள், எத்தனை விமானம் விழுந்தது என்று கிரிக்கெட் போட்டியைப் போலப் பேசிக்கொண்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

நான் கல்முனையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். "சேர், ராடாருக்குத் தெரியாமல் ஒரு சாமான் எப்படிப் பறக்கும்?" என்று அந்த நாட்களில் மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவர்கள் போர் முடியும்போது கைக்குழந்தைகள். வானத்தில் சத்தம் கேட்டதும் ஓடிய அனுபவம் அவர்களுக்கு இல்லை. அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதே கேள்வி வேறு விதமாகப் படும். இந்த ஆயுதம் எப்படி ஒளிகிறது என்பது ஒன்று. அது ஒளிந்து வரும்போது கீழே இருப்பவர்களிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சத்தம் காப்பாற்றிய காலம்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிபிர் வருகிறதா, சியாமாசெட்டி வருகிறதா, ஹெலி வருகிறதா என்பதைச் சிறுபிள்ளைகளும் காதால் பிரித்தறிந்தார்கள். விமானம் வட்டமிடும் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார்கள். எல்லா நேரமும் அது போதவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சில கணங்கள் எத்தனையோ உயிர்களை மீதம் வைத்தன. எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்கள் வான்குண்டைவிடத் தரையில் வந்த துப்பாக்கியையே அதிகம் கண்டன. இருந்தாலும் சத்தத்தைக் கேட்டு விளக்கை அணைக்கும் பழக்கம் இங்கும் இருந்தது.

குரூஸ் ஏவுகணையின் மூதாதையும் சத்தத்தால்தான் அறியப்பட்டது. 1944 ஜூனில் ஜேர்மனி இலண்டன் மீது வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டை ஏவத் தொடங்கியது. அதன் எஞ்சின் மோட்டார் சைக்கிளைப் போலப் படபடத்துக்கொண்டு வரும். சத்தம் தொடர்ந்தால் அது வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். தலைக்கு மேலே சத்தம் திடீரென நின்றால், விழப்போகிறது என்று அர்த்தம். அப்போதுதான் மக்கள் தரையில் படுத்தார்கள். ஏவுதளங்கள் கைவிட்டுப் போகத் தொடங்கியதும் ஜேர்மனி அதே குண்டை ஹைன்கல் விமானங்களில் கட்டித் தூக்கிச் சென்று கடலுக்கு மேலே வைத்து விடுவித்தது. விமானத்திலிருந்து ஏவப்படும் குரூஸ் ஏவுகணை அங்கேதான் ஆரம்பமானது.

விமானியைக் காப்பாற்றப் பிறந்தது

குண்டு போடும் விமானம் இலக்குக்கு அருகே போக வேண்டும். அருகே போனால் சுடப்படும். 1995 ஏப்ரலில் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்த நாட்களில் புலிகளின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்ட பிறகு, வடக்கின் வானம் விமானப்படைக்கு முன்னர்போல் இருக்கவில்லை. 1991இல் ஈராக்கில் பிரித்தானியாவின் டொர்னாடோ விமானங்களுக்கு நடந்ததும் இதே கதைதான். விமானத் தளங்களைத் தாழப் பறந்து தாக்கப் போனவற்றில் சில திரும்பி வரவில்லை.

பணமுள்ள நாடுகள் கண்ட தீர்வு எளிமையானது: விமானி போகாமல் தூரத்தில் நிற்கட்டும், ஆயுதம் மட்டும் போகட்டும். அதே 1991 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து புறப்பட்ட ஏழு பி-52 விமானங்கள் ஈராக்கை நோக்கி 35 குரூஸ் ஏவுகணைகளை ஏவிவிட்டு, இடையில் எங்கும் தரையிறங்காமல் ஊர் திரும்பின. போய்வர ஏறத்தாழ 35 மணித்தியாலம் எடுத்தது.

ஆனால் தூரத்திலிருந்து வரும் ஏவுகணையையும் ராடார் கண்டுபிடித்தால் சுட்டுவிடலாம். ஆகவே அடுத்த கட்டமாக ஏவுகணையையே ஒளிக்க வேண்டியிருந்தது. அணுகுண்டுக்காக அமெரிக்கா உருவாக்கிய ஏ.ஜி.எம்-129தான் இதில் முன்னோடி. அது 2012இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து ஒரே ஏவுகணையை உருவாக்கின. பிரித்தானியா அதற்கு 'ஸ்ரோம் ஷடோ', அதாவது புயலின் நிழல் என்று பெயர் வைத்தது. பிரான்ஸ் வைத்த பெயர் ஸ்கல்ப். அமெரிக்கா 'ஜாஸம்' என்பதையும், ஜேர்மனியும் சுவீடனும் 'டோரஸ்' என்பதையும், ரஷ்யா கே.எச்-101 என்பதையும் செய்தன. பாகிஸ்தான் 2007 ஓகஸ்டில் 'ரஅத்' ஏவுகணையை முதன்முறையாகப் பரிசோதித்தது. குர்ஆனில் ஒரு சூராவின் பெயராகவும் உள்ள அந்த அரபுச் சொல்லுக்கு இடி என்று பொருள். ஓசையின்றி வர வேண்டிய ஆயுதத்துக்கு இடியின் பெயர்.

கடற்கரையில் நின்று பார்த்தால்

ஒளியும் வித்தையில் பாதி, பூமியின் வளைவு தருவது. நமது கடற்கரையில் நின்று ஆழ்கடலுக்குப் போகும் படகைப் பாருங்கள். முதலில் படகின் உடல் மறையும், பிறகுதான் அதன் மேலுள்ள கொடிக்கம்பு மறையும். கடல் வளைந்திருப்பதால் தூரத்தில் தாழ இருப்பவை நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. ராடாரும் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் பார்க்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கரையில் 20 மீற்றர் உயரத்தில் ஒரு ராடார் இருக்கிறது. 10,000 மீற்றர் உயரத்தில் ஒரு விமானம் வந்தால், வளைவின் தடை நீங்கி அது ராடாரின் பார்வைக்குள் வருவது ஏறத்தாழ 430 கிலோமீற்றரில். மணிக்கு 1,000 கிலோமீற்றர் வேகம் என்றால், வந்து சேர 26 நிமிடம் இருக்கிறது. அதே வேகத்தில் கடலுக்கு மேல் 30 மீற்றர் உயரத்தில் ஓர் ஏவுகணை வந்தால், அது அடிவானத்துக்கு மேல் தலைகாட்டுவதே 40 கிலோமீற்றரில்தான். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ அவ்வளவு. மீதமிருப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு.

மற்றப் பாதி, வடிவமும் பூச்சும் தருவது. ராடார் ஓர் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கிறது. இருட்டில் டோர்ச் அடித்துத் தேடுவதைப் போன்றது இது. கண்ணாடி நேரே நின்றால் ஒளி நமக்கே திரும்பும். சாய்ந்து நின்றால் வேறு பக்கம் போய்விடும். கறுப்புத் துணியால் மூடினால் ஒளியின் பெரும்பகுதி உறிஞ்சப்படும். இந்த ஏவுகணைகளின் சாய்ந்த பக்கங்களும், உள்ளே மறைத்துவைத்த எஞ்சின் வாயும், அலையை உறிஞ்சும் பூச்சும் செய்வது இதைத்தான்.

எனினும் 'ராடாருக்கே தெரியாது' என்று பத்திரிகைகள் எழுதுவது மிகை. ராடார் அலை போகும்போதும் தேய்கிறது, திரும்பி வரும்போதும் தேய்கிறது. ஆகையால் கண்டுபிடிக்கும் தூரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால், திருப்பி அனுப்பும் அலையைப் பதினாறில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க, பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைத்தாலும் பூச்சியமாகாது. கிட்ட வந்தால் தெரியும். ஆனால் தெரியும்போது நேரம் இருக்காது என்பதுதான் இதன் முழு நோக்கம்.

காதுக்கும் இதே கதிதான். நொடிக்கு 278 மீற்றர் வேகத்தில் வரும் ஏவுகணை 3 கிலோமீற்றர் தூரத்தில் எழுப்பும் சத்தம் நம்மை அடைய எட்டரை நொடிக்குச் சற்று மேல் எடுக்கும். ஏவுகணை வந்து சேர 11 நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். சத்தம் கேட்டதும் எஞ்சுவது ஏறத்தாழ இரண்டு நொடி. அதில் ஒருவர் திரும்பிப் பார்க்கலாம், பிள்ளையைத் தூக்க முடியாது. பிரமோஸ் வேறு வகை. அது ஒளிவதைவிட வேகத்தை நம்புகிறது. ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் அதிக வேகத்தில் வருவதால், விழுந்து வெடித்த பிறகுதான் அது வந்த சத்தம் கேட்கும்.

வழி கண்டுபிடிக்கும் விதம்

ஸ்ரோம் ஷடோ ஐந்து மீற்றர் நீளமும் ஏறத்தாழ 1,300 கிலோ எடையும் கொண்டது. 250 கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடியது. விமானத்திலிருந்து விடுபட்டதும் சிறகுகள் விரிந்து சிறிய ஜெட் எஞ்சினால் தாழப் பறக்கிறது. செய்மதிச் சமிக்ஞையை எதிரி குழப்பிவிட்டாலும், கீழேயுள்ள நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்து, தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு வழியைச் சரிசெய்துகொள்கிறது. இலக்கை நெருங்கியதும் மேலெழுந்து மூக்கின் மூடியைக் கழற்றி எறிகிறது. உள்ளேயுள்ள வெப்பக் கமெரா கீழே காண்பதை முன்பே பதிந்துவைத்த படத்தோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் பாய்கிறது. முதலில் ஒரு சிறிய வெடிப்புச் சுவரைத் துளைக்க, பெரிய குண்டு உள்ளே போய் வெடிக்கிறது.

'முன்பே பதிந்துவைத்த படம்' என்பதைக் கவனியுங்கள். இலக்கு எது என்பதை ஏவுகணை தீர்மானிப்பதில்லை. அதை எங்கோ ஓர் அலுவலகத்தில், முன்னதாகவே, மனிதர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

துல்லியம் என்ற சொல்

2018 ஏப்ரல் 14இல் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் சிரியாவில் மூன்று இடங்களை நோக்கி 105 ஏவுகணைகளை ஏவின. ஜாஸம், ஸ்ரோம் ஷடோ, ஸ்கல்ப் எல்லாம் அவற்றில் இருந்தன. 2023 மே மாதம் பிரித்தானியா ஸ்ரோம் ஷடோவை உக்ரைனுக்கு வழங்கியதை அறிவித்தது. சோவியத் காலத்து சுகோய்-24 விமானங்களில் பொருத்தி ஏவப்பட்ட இவற்றால் அந்த ஆண்டு செப்டெம்பரில் செவஸ்தபோலில் ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படைத் தலைமையகம் தாக்கப்பட்டது. குறித்த கட்டடத்தைக் குறித்தபடி தாக்கும் திறன் இவற்றுக்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

அதே திறன் மறுபக்கத்திடமும் உண்டு. 2024 ஜூலை 8ஆம் திகதி பகல் நேரத்தில் கியேவ் நகரிலுள்ள ஒக்மட்டிட் சிறுவர் வைத்தியசாலை தாக்கப்பட்டது. உக்ரைனின் மிகப் பெரிய சிறுவர் வைத்தியசாலை அது. சேலைன் ஏற்றப்பட்டிருந்த பிள்ளைகளை வீதியோரத்தில் உட்காரவைத்திருந்த படங்களை நாமும் பார்த்தோம். அது சுட்டு வீழ்த்தப்பட்ட ஏவுகணையின் சிதறல் அல்ல, ஒரு கே.எச்-101 நேரடியாகத் தாக்கியதற்கே அதிக சாத்தியம் என்று ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு, காணொளியையும் இடத்தையும் ஆராய்ந்து மதிப்பிட்டது. ரஷ்யா மறுத்தது.

இந்த மறுப்பின் தொனி நமக்குப் பழக்கமானது. 2006 ஓகஸ்ட் 14இல் முல்லைத்தீவு வள்ளிபுனம் செஞ்சோலையில் கிபிர் விமானங்கள் குண்டு வீசியபோது, அது பயிற்சி முகாம் என்றது அரசு. கொல்லப்பட்டவர்கள் மாணவிகள் என்றது யுனிசெப். அங்கு சென்ற போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரும் இராணுவத் தளத்துக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றார்கள். அன்று குண்டு தவறி வேறிடத்தில் விழவில்லை. தேர்ந்தெடுத்த இடத்தில்தான் விழுந்தது. தவறு குண்டிலா, பட்டியலிலா என்று கேட்டால், பட்டியலில்தான். ஆயுதம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அந்த அளவுக்குப் பொறுப்பும் இலக்கைத் தேர்ந்தெடுத்தவர் மீது கூட வேண்டும். நடைமுறையில் நடப்பது மறுதலை. 'துல்லியமான தாக்குதல்' என்று அறிவித்தவுடன், கேள்வி கேட்பவரே சந்தேகத்துக்குரியவராகிவிடுகிறார்.

நமக்கு எவ்வளவு தூரம்?

இலங்கை விமானப்படையிடம் இவ்வகை ஏவுகணைகள் இல்லை. ஆனால் நமது சுற்றுப்புறத்தில் இருக்கின்றன. 2020 ஜனவரியில் இந்திய விமானப்படை தஞ்சாவூரில் பிரமோஸ் ஏவக்கூடிய சுகோய்-30 விமான அணியொன்றை நிறுவியது. இந்து சமுத்திரத்தைக் கண்காணிப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. நோக்கம் எதுவானாலும் தூரம் மாறப்போவதில்லை. தஞ்சாவூரிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீற்றர்.

தவறுதலும் நடந்திருக்கிறது. 2022 மார்ச் 9இல் இந்தியாவின் ஒரு பிரமோஸ் ஏவுகணை தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் குண்டு இருக்கவில்லை, உயிரிழப்பும் இல்லை. பின்னர் மூன்று அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள். இரண்டு அணுவாயுத நாடுகள் அன்று அமைதியாக இருந்ததை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான இடம் வளைகுடா. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என எந்த ஊரை எடுத்தாலும் கட்டாரிலோ சவூதியிலோ ஆளில்லாத வீடு குறைவு. 2025 செப்டெம்பர் 9இல் தோஹாவை இஸ்ரேல் தாக்கியது. பயன்படுத்தப்பட்டவை குரூஸ் ஏவுகணைகள் அல்ல. செங்கடல் பக்கத்திலிருந்து விமானங்கள் ஏவிய பலிஸ்டிக் ஏவுகணைகள் என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டிச் செய்திகள் வந்தன. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: தூரத்தில் நின்று, தெரியாமல் அடிப்பது. ராடாரில் தெரியாத ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டன என்றும், அமெரிக்கா தகவல் சொன்னபோது தாக்குதல் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது என்றும் கட்டார் பிரதமர் கூறினார். உலகின் விலையுயர்ந்த வான்பாதுகாப்புக் கருவிகளை வைத்திருக்கும் நாட்டின் நிலை அது. அந்த நகரத்தில் தொழிலாளர் விடுதியில் தூங்கும் நம் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

எச்சரிக்கையை யார் தருவது?

உக்ரைன் இதற்கு ஒரு பதிலைத் தேடியது. ராடாருக்கு ஒளியலாம், ஆனால் ஜெட் எஞ்சின் சத்தமில்லாமல் பறக்க முடியாது. ஆகவே கம்பங்களில் ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அவற்றை ஒரு வலையமைப்பாக இணைத்தார்கள். பெரும்பாலும் ட்ரோன்களைக் கண்டுபிடிக்க இது பயன்படுகிறது. 2022 ஒக்டோபரில் ஒரு கைபேசிச் செயலியையும் வெளியிட்டார்கள். ஏவுகணையோ ட்ரோனோ பறப்பதைக் காணும் சாதாரண ஆள், போனை அந்தத் திசையில் நீட்டிப் பொத்தானை அழுத்தினால் வான்பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் போகும். தனி ஒருவரின் காதுக்கு இரண்டு நொடிதான் கிடைக்கிறது. ஆனால் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவர் கேட்டதை நமக்குச் சொன்னால், நமக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். கிபிர் காலத்தில் ஓர் ஊர் அடுத்த ஊருக்குச் சொன்னதும் இதைத்தான்.

கண்டுபிடிப்பது வேறு, சொல்வது வேறு என்பதை இந்தக் கரை நன்றாக அறியும். 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கும் கடல் இங்கே வந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. உலகின் நிலநடுக்க நிலையங்கள் அதிர்வைப் பதிவுசெய்துவிட்டன. பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் அதைச் சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அந்த இரண்டு மணித்தியாலத்தை யாரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை, ஆனால் யாரும் நமக்குத் தரவுமில்லை. ஒளிந்து வரும் ஏவுகணையோ அந்த நேரத்தைப் பறிப்பதற்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டது.

போர்ச் சட்டம் இதைப்பற்றிப் பேசுகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறையின் 57ஆம் உறுப்புரை, பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு முன் பயன்தரும் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது. 'சூழ்நிலை இடம்தராவிட்டால் தவிர' என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. திடீர்த் தாக்குதலுக்காகவே செய்யப்பட்ட ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பவருக்குச் சூழ்நிலை எப்போதும் இடம்தராது. மேலும், இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், அமெரிக்கா ஆகியவற்றில் எதுவும் அந்த நெறிமுறையில் தரப்பாகவில்லை. எச்சரிக்கை விதி வழக்காறாக எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது என்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு சொல்வதுதான் மிஞ்சியிருக்கும் பிடி.

ஏவுகணை புறப்பட்ட பிறகு பொதுமக்களைக் காப்பாற்ற எஞ்சியிருப்பது மிகக் குறைவு. அவர்களைக் காப்பாற்றக்கூடிய இடம், இலக்குப் பட்டியல் எழுதப்படும் அந்த மேசைதான். அங்கே யார் இருந்தார், எந்தத் தகவலை நம்பினார், கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கடைசியாக எப்போது பார்த்தார் என்பவை பதிவாக வேண்டும். பின்னர் கேட்கப்படவும் வேண்டும். செஞ்சோலைக்கு இன்றுவரை அப்படி யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை எந்த நாட்டின் கொடியோடும் ஒரு 'துல்லியமான தாக்குதல்' காணொளி நமது கைபேசிக்கு வந்தால், அதை வெற்றிச் செய்தியாக முன்னனுப்புவதற்கு முன், அந்தக் கூரைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று கேட்கும் கடமை மற்றவர்களைவிட நமக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கிறது.